திருநாளும் திரைப்படமும்: துவாஸ் முனையிலிருந்து ஒரு பார்வை

சிங்கப்பூர்த் தமிழர் ஓராண்டில் கொண்டாடும் திருநாள்கள் பல. எனினும் அவற்றுள் இந்துக்களுக்குரிய நாளாக அரசு நாள்காட்டியில் விடுமுறை பெற்று நிற்பது தீபாவளி ஒன்றே. 1929ஆம் ஆண்டில் அது பொது விடுமுறையாயிற்று. தைப்பூசத்துக்கு இருந்த விடுமுறை, பொது விடுமுறைகள் பதினொன்றாகக் குறைக்கப்பட்ட 1968ஆம் ஆண்டில் நீங்கியது. பொங்கலன்றும் சித்திரை முதல் நாளன்றும் தொழிற்சாலைகள் வழக்கம்போல் இயங்கும்; கப்பல் பட்டறையில் பற்றவைப்போன் வழக்கம்போல் முகமூடி அணிவான். விடுமுறையில்லாத ஒரு திருநாளை உழைப்பாளி எவ்வாறு கொண்டாடுவது? காலையில் குளித்துக் கோயிலுக்குச் செல்லப் பொழுதில்லை, பானை வைக்க முற்றமில்லை, உற்றார் உடனில்லை. எஞ்சியிருப்பது மாலைப் பொழுது மட்டுமே. அம்மாலைப் பொழுதை நிரப்பித் திருநாள் என்னும் உணர்வை அவனுக்குத் தந்ததில் திரைப்படத்துக்குள்ள பங்கு பெரிது. நாள்காட்டி தராத விடுமுறையைத் திரைப்படம் தந்தது எனினும் மிகையன்று. அது எவ்வாறு தந்தது, எங்கே தரத் தவறியது என்பதைத் தீவின் மேற்குக் கோடியாகிய துவாஸிலிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும்.

துவாஸ் என்னும் பெயர் மலாய் மொழியில் 'மெனுவாஸ்' எனப்படும் மீன்பிடி முறையிலிருந்து வந்ததென்பர். தழை மிகுந்த கிளைகளைக் கடலுள் தாழ்த்தி, அந்நிழலை நாடி மீன்கள் வந்து கூடியபின் வலையை இழுப்பது அம்முறை. 1970களிலும் மீனவச் சிற்றூராய் விளங்கிய அவ்விடத்தில் 1980களில் கடல் தூர்க்கப்பட்டது, தொழிற்பேட்டை எழுந்தது. 1998 சனவரி 2ஆம் நாள் மலேசியாவோடு இணைக்கும் இரண்டாம் பாலம் திறக்கப்பெற்றது. 2022 செப்டம்பர் 1ஆம் நாள் துவாஸ் துறைமுகம் முறைப்படி திறக்கப்பெற்றது. இப்பணிகளிலெல்லாம் உழைத்தவருள் தமிழகத்தினின்று வந்தோர் பலர். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சிற்றூர்ப் பெயர்கள் துவாஸ் தங்குவிடுதிகளின் படிக்கட்டுகளில் அன்றாடம் வழங்குபவை.

விழாவோடு கூத்தைச் சேர்த்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. புகார் நகரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடந்ததென மணிமேகலை கூறும். அவ்விழாவில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கும். பின்னாளில் ஊர்த் திருவிழாவின் இரவுகளைத் தெருக்கூத்தும் நாடகமும் நிரப்பின. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைத் திரைப்படம் பற்றிக்கொண்டது. 1944 அக்டோபர் 16ஆம் நாள், தீபாவளித் திருநாளில், எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. தீபாவளிக்குப் புத்தாடை, பலகாரம், பட்டாசு என்றிருந்த வரிசையில் புதுப்படமும் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே 1944இல் சிங்கப்பூர்த் தமிழர் நிலை யாது? தீவு சப்பானியர் ஆட்சியில் 'சியோனான்' என்னும் பெயர் பூண்டிருந்தது. மலாயாத் தோட்டங்களினின்று சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தனர். அரிசிக்கே தட்டுப்பாடு நிலவிய அந்நாளில் தீபாவளிப் படத்தைப் பற்றிப் பேசுவாரில்லை. போர் முடிந்த பின்னரே இங்குத் திரையரங்குகள் உயிர்பெற்றன. 1946இல் மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் அரங்கு திறக்கப்பெற்றது. சிராங்கூன் சாலையினின்று நடந்து செல்லும் தொலைவிலேயே அது அமைந்திருந்தது. நார்த் பிரிட்ஜ் சாலையில் இருந்த டைமண்ட், ராயல் அரங்குகளும் தமிழ், இந்திப் படங்களை நாடுவோர்க்கு உரியவையாயின. படச்சுருள்கள் கடல் கடந்து வரவேண்டிய காலம் அது. ஆதலின் சென்னையில் தீபாவளிக்கு வெளிவந்த படம் இங்கு அதே நாளில் திரையேறும் என எதிர்பார்க்க இயலாது. ஆனால் எது வந்து சேர்ந்திருக்கிறதோ அதுவே தீபாவளிப் படம். படத்தின் வயதைக் கருதாமல், அதைப் பார்க்கும் நாளின் சிறப்பையே கருதினர் அக்கால மக்கள்.

1952ஆம் ஆண்டு இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரும், 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவருமாகிய கோ. சாரங்கபாணி, சாதி சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடுதற்கு ஒரு நாள் வேண்டுமெனக் கருதினார். பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் அவ்வாண்டில் தொடங்கப்பெற்றது. புராண விழாக்களை விடுத்து உழவர் விழாவைத் தமிழர்க்குரிய விழாவாக்குதல் அவர் போன்றோர் நோக்கம். அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் தமிழகத்தில் 'பராசக்தி' வெளிவந்தது. மு. கருணாநிதியின் உரையாடல், சிவாஜி கணேசனின் முதற்படம், பகுத்தறிவுக் கருத்துகளின் முழக்கம். அப்படம் வெளிவந்த நாளோ தீபாவளி! நரகாசுரன் கதையை மறுத்த இயக்கத்தின் எழுத்து, அவன் பெயரால் நடக்கும் விழாவின் கூட்டத்தை நம்பியே மக்களை அடைந்தது. இதை முரண்பாடென்று நகைப்பார் நகைக்கட்டும். மக்கள் கூடும் நாளில் மக்களிடம் செல்வது கலையின் இயல்பு. கொள்கையாளர் தீபாவளியை விலக்கினும் திரையரங்கு வாயிலில் நின்றவர் அதனை விலக்கவில்லை.

பொங்கலுக்கும் அவ்வாறே ஒரு திரை வரலாறு உண்டு. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965), 'அன்பே வா' (1966), 'கந்தன் கருணை' (1967) ஆகியன சனவரி 14ஆம் நாள் வெளிவந்த படங்கள். ஆனால் சிங்கப்பூரில் பொங்கலுக்கு விடுமுறையில்லை என முன்னரே கண்டோம். இங்குத்தான் இந்நாட்டுக்கே உரிய ஒரு வழக்கம் உருவாயிற்று. சீனப் புத்தாண்டு சனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடைப்பட்டு வரும். அதற்கு இரண்டு நாள் பொது விடுமுறை உண்டு. பட்டறைகளும் கட்டுமானத் தளங்களும் தொடர்ந்து ஓய்வது பெரும்பாலும் அப்பொழுதே. எனவே தைமுதல் நாளில் வெளிவந்த படத்தைத் தமிழ்த் தொழிலாளி பெரும்பாலும் சீனப் புத்தாண்டு விடுமுறையில் பார்த்தான். சீனர் இல்லங்களில் சிவப்பு உறை கைமாறும் நாளில், தேக்காவில் தமிழர் கூட்டம் நிரம்பி வழிவதன் காரணம் இதுவே. சீனரும் இவ்வகையில் தமிழர்க்கு இளைத்தவரல்லர். புத்தாண்டுக்கென்றே நகைச்சுவைப் படங்களை உருவாக்கி வெளியிடுவது ஹாங்காங் திரையுலகின் நெடுநாள் வழக்கம். ஒருவர் விடுமுறையில் மற்றவர் திருநாளைக் கொண்டாடிக்கொள்ளும் இவ்வசதி, பல இனம் வாழும் நாட்டில் சட்டமியற்றாமலே அமைந்த நல்லிணக்கம் எனலாம்.

நோன்புப் பெருநாளின் திரை வரலாற்றிலும் இந்தியர் கை உண்டு. மலாய் மொழியின் முதல் பேசும்படமாகிய 'லைலா மஜ்னுன்' (1930களின் முற்பகுதி) பி.எஸ். ராஜன்ஸ் இயக்கியது. பி. ரம்லியைத் திரைக்குக் கொணர்ந்தவரும் அவரே. 'பக்தி' (1950) படத்தில் ரம்லியைக் கதைத்தலைவனாக்கியவர் எல். கிருஷ்ணன். பி.என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' என்னும் பேய்ப்படம் 1957 ஏப்ரல் 27ஆம் நாள், பெருநாளுக்குச் சில நாள் முன், திரைக்கு வந்து பெரும் வெற்றி கண்டது. பெருநாள் களிப்பில் பேயைக் கண்டு அலறிய மலாய் மக்களுக்கு அப்பேயை ஆட்டுவித்தவர் இந்திய இயக்குநர் என்பது நினைவில் இருந்திராது!

சித்திரைப் புத்தாண்டைப் பொறுத்தவரை ஒன்று சொன்னால் போதும். 1979 ஏப்ரல் 14ஆம் நாள் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' சிங்கப்பூரில் படமாக்கப்பெற்றது. சுஜாதாவின் கதை, கே. பாலசந்தரின் இயக்கம், எம்.எஸ். விஸ்வநாதனின் இசை. முந்தைய ஆண்டு இறுதியில் வந்த 'பிரியா'வும் இந்நகரைக் காட்டியது. இவ்விரு படங்களின் வழியே தமிழகச் சிற்றூர் இளைஞன் சிங்கப்பூரை முதலில் திரையில் கண்டான். அகன்ற சாலை, உயர்ந்த மாடம், தூய்மை, இளமை, பாட்டு. அதே காலப்பகுதியில்தான் மலேசியாவுக்கு அப்பாலிருந்தும் தொழிலாளரை வரவழைக்கச் சிங்கப்பூர் கதவு திறந்தது. படத்தில் கண்ட நகருக்கு வந்திறங்கியவன் துவாஸில் கண்டது வேறு. ஆயினும் திரை தந்த கனவு இல்லையேல் புறப்படும் துணிவு பலருக்கு வந்திராது.

இனித் திரையரங்கை விட்டு வீட்டுக்குள் வருவோம். திருநாளுக்குப் புதுப்படம் பார்ப்பது ஒரு வழக்கம். பழைய படத்தையே ஆண்டுதோறும் மீண்டும் பார்ப்பது மற்றொரு வழக்கம். மேலைநாட்டார் இரண்டாவதில் வல்லவர். 1946இல் வெளிவந்தபோது வசூலில் பின்தங்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்னும் அமெரிக்கப் படம், 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாது விடப்பட்டமையால், தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் தடையின்றி ஒளிபரப்பும் பொருளாயிற்று. ஒரு தலைமுறைக்குள் அதுவே கிறிஸ்துமஸ் படமாயிற்று. தமிழர்க்கு அத்தகைய நிலைத்த இடம் படங்களைவிடப் பாடல்களுக்கே வாய்த்தது. 'கல்யாண பரிசு' (1959) படத்தின் தீபாவளிப் பாடல், ஏ.எம். ராஜாவின் இசையில் பி. சுசீலா பாடியது, வானொலியில் ஒலிக்காத தீபாவளி அரிது. 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'யின் பொங்கல் பாட்டும் அவ்வாறே. 'சகலகலா வல்லவன்' (1982) படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ஆங்கிலப் புத்தாண்டுப் பாட்டு, டிசம்பர் 31 நள்ளிரவில் உலகெங்குமுள்ள தமிழர் வீடுகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அப்படம் வெளிவந்ததோ ஆகஸ்டு மாதம். எந்தப் பாட்டு எந்த நாளுக்குரியதாகும் என்பதை முடிவு செய்பவர் தயாரிப்பாளரல்லர், கேட்பவரே.

1963 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைவாதலின் தீபாவளியன்று ஒளிபரப்பாகும் படமும் சிறப்பு நிகழ்ச்சிகளும் குடும்பங்களைப் பெட்டிமுன் கூட்டின. தொலைக்காட்சி இல்லாத வீட்டார் அண்டை வீட்டில் அமர்ந்தனர். 2008 அக்டோபர் 19ஆம் நாள் வசந்தம் தனி ஒளிவழியானது, அவ்வாண்டுத் தீபாவளிக்கு எட்டு நாள் முன். இவையெல்லாம் இந்நாட்டில் வேர்கொண்ட குடும்பங்களின் கதை. அடுக்குமாடி வீட்டில் உறவோடு அமர்ந்து பார்ப்பவர்க்குத் திரைப்படம் திருநாளின் ஓர் உறுப்பு மட்டுமே. குடும்பமின்றித் தனித்து வந்த துவாஸ் தொழிலாளிக்கோ அதுவே பாதித் திருநாள்.

மீதிப் பாதி எது? அது தெரு. ஞாயிற்றுக்கிழமை துவாஸிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வருபவன் படம் பார்க்க மட்டும் வருவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிறான், வீரமாகாளியம்மன் கோயிலில் வணங்குகிறான், வாழையிலையில் உண்கிறான், ஒரே ஊரைச் சேர்ந்த, தீவின் வேறொரு மூலையில் வேலை செய்யும் தோழனைப் புல்தரையில் சந்திக்கிறான். ஊரில் யாருக்குப் பெண் பார்த்தார்கள், யார் நிலத்தை விற்றார்கள் என்னும் செய்திகள் அங்குப் பரிமாறப்பெறும். கேம்பல் லேன் கடைகளில் தங்கைக்கு வளையல் வாங்கப்படும். இறுதியில்தான் படம். 1983இல் மூடப்பட்ட ரெக்ஸ் 2009இல் தமிழ், இந்திப் படங்களோடு மீண்டும் திறந்தபோது, அத்தெருவுக்குப் பழைய இணைப்பு ஒன்று மீண்டது. மின்னியல் முறையால் படங்கள் தமிழகத்தில் வெளிவரும் நாளிலேயே இங்கும் வரத் தொடங்கின. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆதலின் படம் எப்படி என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும் பெருமை இப்பொழுது இங்குள்ளவனுக்கு வந்தது. கப்பலில் படச்சுருளுக்குக் காத்திருந்த முன்னோர் இதனை நம்பியிருக்க மாட்டார்கள்.

2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தொன்றின் அடியில் சிக்கித் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. விசாரணைக் குழு அமைந்தது; அவ்வட்டாரத்தில் மது விற்பனைக்கும் பொது இடத்தில் அருந்துவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. தொழிலாளர் தாம் தங்கும் இடத்துக்கு அருகிலேயே பொழுதைக் கழிக்க வசதி வேண்டும் என்னும் பேச்சு வலுத்தது. அடுத்த ஆண்டில் துவாஸில் 16,800 பேர் தங்கத்தக்க பெருவிடுதி திறக்கப்பெற்றது. அதில் கடைகள், உணவங்காடி, கிரிக்கெட் ஆடுகளம் ஆகியவற்றோடு ஒரு திரையரங்கும் இருந்தது. தொழிலாளர் நலத்தில் இது ஒரு முன்னேற்றம் என்பதை மறுப்பது நேர்மையாகாது. பழைய கொள்கலன் விடுதிகளைக் கண்டவர்க்கு அது தெரியும். எனினும், படம் மட்டும் துவாஸுக்கு வந்தது, தெரு வரவில்லை. வளையல் கடையும், அடுத்த ஊர்த் தோழனும், கோயில் மணியும் விடுதிச் சுவருக்குள் வருபவை அல்ல. நிழலை நாடிக் கூடும் மீன்களைக் கொண்டு பெயர் பெற்ற ஊரில், நிழலைத் தனியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற் போன்றதாயிற்று அது.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. ஏப்ரல் 7ஆம் நாள் கொவிட் முடக்கம் தொடங்கியது, விடுதிகள் அடைக்கப்பட்டன. தமிழ்ப் புத்தாண்டு ஒரு வாரத்தில் வந்து அறைக்குள்ளேயே கழிந்தது. விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாயினர் என அவ்வாண்டு டிசம்பரில் அரசு அறிவித்தது. நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. தமிழகத்தில் திரையரங்குகள் அப்பொழுதுதான் திறந்திருந்தன. பெரிய படமாகிய 'சூரரைப் போற்று' அரங்குக்கு வராமல், நவம்பர் 12ஆம் நாள் இணையத்தின் வழியே நேராகக் கைபேசிக்கு வந்தது. சுதா கொங்கரா இயக்கிய அப்படம், ஏழை எளியோரும் வானூர்தியில் பறக்க வேண்டுமெனக் கனவு கண்ட கேப்டன் கோபிநாத்தின் வாழ்வைத் தழுவியது. அதில் ஒரு காட்சி: தந்தை இறக்கும் தறுவாயில் இருக்க, ஊர் செல்லப் பயணச்சீட்டுக்குப் போதிய பணமின்றி, விமான நிலையத்தில் முன்பின் அறியாதவரிடமெல்லாம் கையேந்தி நிற்கிறான் கதைத்தலைவன். வானூர்திகள் அரிதாகி, ஊரில் சாவு நேர்ந்தாலும் செல்ல இயலாமல், பல படுக்கைகள் கொண்ட அறையில் காதொலிக் கருவியோடு அக்காட்சியைப் பார்த்தவனுக்குத் திரைக்கதையின் விளக்கம் எதுவும் தேவைப்பட்டிராது. அவ்வாண்டுத் தீபாவளிக்குப் படம் இருந்தது, நல்ல படமும்கூட. பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து கைதட்டவும், வெளியே வந்து தேநீர்க் கடையில் விவாதிக்கவும் தெரு இல்லை.

2021 சனவரி 13ஆம் நாள் 'மாஸ்டர்' பொங்கல் படமாக வந்தபோது நகரிலுள்ள தமிழர் இடைவெளி விட்ட இருக்கைகளில் அமர்ந்து பார்த்தனர். விடுதித் தொழிலாளர்க்கு அப்பொழுதும் லிட்டில் இந்தியா திறக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் என்னும் அளவோடு, தடுப்பூசி போட்டுக்கொண்ட தொழிலாளர் சிலர் சோதனை முறையில் அங்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஏறத்தாழ ஓராண்டரைக்குப் பின் சிராங்கூன் சாலையில் கால் வைத்தவர்கள் முதலில் சென்றவை கோயிலும் கடைகளும்.

2022 சூன் 24ஆம் நாள் முதல் விடுதியை விட்டு வெளியே செல்ல அனுமதி கோரும் முறை நீங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு வட்டாரங்களுக்குச் செல்லத் தனிச்சீட்டு வேண்டும் என்னும் விதி வந்தது. ஒரு நாளுக்கு 80,000 சீட்டுகள் வரை. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் தீபாவளி. 1929இல் தீபாவளிக்குக் கிடைத்த விடுமுறைத் தகுதியே, விடுதித் தமிழன் அன்று தேக்காவுக்குச் செல்லச் சீட்டு வேண்டும் என்பதற்குக் காரணமாயிற்று. பொங்கலுக்கு அத்தகுதி இல்லாமையால் அச்சிக்கலும் இல்லை என எண்ணலாம். 2023இல் தைமுதல் நாள் சனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. 'வாரிசு', 'துணிவு' என்னும் இரு பொங்கல் படங்களும் நான்கு நாள் முன்னரே, ஒரு புதன்கிழமை, வெளிவந்திருந்தன. நாடாண்டோர் எவரும் விடுமுறை நாளாகக் கருதாத பொங்கல், கிழமையின் காரணமாக விடுமுறை நாளுக்குரிய கட்டுப்பாட்டைப் பெற்றது. துவாஸ் லிங்க் நிலையத்தில் காலையில் ரயிலேறி, அவுட்ராம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கிய தொழிலாளியின் கைபேசியில் அன்று இரண்டு சீட்டுகள் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று படத்துக்கு, மற்றொன்று அப்படம் ஓடும் அரங்குக்குச் செல்லும் தெருவுக்கு.